வெந்நீர்

எறும்பு ஒன்று வேட்டிக்கரை வழியாக ஏறி, சட்டையின் கீழ்ப்பொத்தானை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே பையைப் பார்த்து நடந்தது. வெயிலுமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தட்டிவிடவில்லை. போக வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது. பையில் ஒரு கடலைமிட்டாய், காகிதத்தில் மடித்து ஆவுடைத்தாய் காலையில் வைத்தது. ‘சக்கரை மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பட்டினி கெடக்கப் போற ஆம்பளைய இந்தத் தெருவுலயே ஒங்க ஒருத்தரத்தான் பாக்கேன். கிறுகிறுன்னு வந்துச்சுன்னா யாரும் பாக்காம வாயில போட்டுக்கிடுங்க’ என்று சொல்லித்தான் வைத்தாள். நாற்பத்தைந்து வருசம் கூட வாழ்ந்தவள், கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த ‘யாரும் பாக்காம’ மட்டும் காலையிலிருந்து காதுக்குள் நின்றுகொண்டிருக்கிறது, செருப்பில் ஏறின முள் மாதிரி, நடக்கும்போதும் குத்துகிறது, நின்றாலும் குத்துகிறது. மணி ஐந்து அடித்திருக்கும். மில் கேட்டுக்கு எதிரே பந்தல், பந்தலுக்குள் குருவையாவின் படம், படத்துக்கு ரோசாமாலை, படத்துக்குப் பக்கத்தில் இவர். வருசா வருசம் ஆனி மாசம் இதே தேதியில் காலைச் சங்கிலிருந்து ஆறு மணிச் சங்குவரை சங்கத்து ஆட்கள் ஒரு பொழுது பட்டினி இருப்பார்கள். சங்கு ஊதினதும் குருவையாவின் மகள் முனீஸ்வரி எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து முதல் டம்ளரை இவர் கையில் கொடுப்பாள். கொடுக்கும் முன்னால் இவர் மைக்கில் ஒரே ஒரு வரி சொல்வார்: குருவையா பசியும் என் பசியும் ஒன்று. கூட்டம் ‘ஒன்று, ஒன்று’ என்று திருப்பிச் சொல்லும். அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போவார்கள். இருபத்திரண்டு வருசம் சொன்ன வரி. இன்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி சொல்ல வேண்டும். வாய் காய்ந்து கிடக்கிறது. இந்த வருசம் சொல்லக்கூடாது என்று வரும்போதே நினைத்து வந்தார், போன வருசமும் அப்படித்தான் நினைத்து வந்தார்.

பக்கத்துப் பாயில் சப்பாணிமுத்து காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங்கில் முப்பது வருசம் நின்றே தேய்ந்த முழங்கால். ‘அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா, கோவப்படக்கூடாது. போன வருசம் இந்நேரம் நான் லாலாகடை வடை ரெண்டு உள்ள தள்ளிட்டு வந்துதான் ஒக்காந்திருந்தேன். எவன் கண்டான்? குருவையா படத்தப் பாத்தேன், அவனும் ஒண்ணும் சொல்லல. சிரிச்ச மூஞ்சிலா.’ பின்னால் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். ‘இவன் ரெண்டுன்னா நாலு தின்னிருப்பான் அண்ணாச்சி’ என்று ஒருவன் எடுத்துக்கொடுத்தான். வெயிலுமுத்துவும் சிரித்தார். சிரிக்கும்போது கன்னத்துச் சதை தானாக ஆடினமாதிரி இருந்தது. வடை தின்றதை வடை தின்றேன் என்று சொல்லிவிட்டான், பார், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். இவனை யாரும் பார்த்துப் பசித்திருக்கவில்லை, அதனால் இவன் வடை இவன் வயிற்றோடு போயிற்று. ஒரு ஆள் தின்கிறது அவன் வயிற்றோடு போகாமல் அடுத்தவன் உடம்பில் போய் வேலை செய்கிறது எப்போது? அவன் முன்னால் உட்காரும்போது. முன்னால் உட்கார்ந்தவன் வயிறு அவன் வயிறு இல்லை. இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, படித்ததெல்லாம் அஞ்சாம் வகுப்பு, இது ராத்திரிகளில் மல்லாந்து கிடந்து யோசித்ததில் வந்தது. மேடையில் சங்கத்தின் புதுச்செயலாளர் ஜெயமுருகன் மைக்கைத் தட்டி ‘பசியை வென்ற பண்பாளர், பட்டினிக்கே பட்டினி போட்ட பாட்டாளி, நம் ஐயா’ என்று ஆரம்பித்தான். நல்ல பையன், எதுகை மோனைக்கு மட்டும் கொஞ்சம் அலைவான். பட்டினிக்கே பட்டினி போட்ட. வியர்வை காதோரம் இறங்கியது. காற்று அடிக்கிறது, ஏன் வேர்க்கிறது? பாயை ஏன் நகத்தினான்? இதோ வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் செக்குமாடு மாதிரி இந்த இடத்துக்குத்தான் வருகிறது. குருவையா பாயை ஏன் நகத்தினான்?

எண்பத்துநாலு பேர். பதிலி ஆட்கள். யாராவது நிரந்தர ஆள் வராத அன்றைக்குத்தான் அவர்களுக்கு வேலை, மற்ற நாளெல்லாம் கேட்டில் தூக்குவாளியோடு நின்றுவிட்டு அதே தூக்குவாளியோடு திரும்ப வேண்டியது, வீட்டில் பிள்ளைகள் திரும்பி வந்த வாளியைத் திறந்து பார்க்கும். எட்டு வருசம், பத்து வருசம் அப்படி நின்றவர்கள். அவர்களை நிரந்தரம் ஆக்கு என்றுதான் இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அந்த உண்ணாவிரதம். அஞ்சு பேர் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர் என்று வெயிலுமுத்து, பதிலிகளின் சார்பாகக் குருவையா, இன்னும் மூன்று பேர். அஞ்சாம் நாளுக்குள் மூன்று பேரையும் கைத்தாங்கலாகத் தூக்கிப் போய்விட்டார்கள். குருவையா மஞ்சக்காமாலை வந்து தேறின உடம்பு, வத்தல் மாதிரி இருப்பான், வேண்டாம்டா நீ எந்திரி என்று எல்லாரும் சொன்னார்கள். இவரும் சொன்னார், சொல்லாமல் இல்லை. ‘அண்ணாச்சி, நீங்க என்னவிட எத்தன வயசு மூப்பு? நீங்களே கிண்ணுனு இருக்கீக. நீங்க இருக்கமட்டும் நானும் இருப்பேன். நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கேன்’ என்றான். கிண்ணுனு. அந்தச் சொல். நாலாம் நாள் ரெண்டு மணிச் சங்கு ஊதி ஷிப்டு மாறுகிற கலகலப்பில், யார் வருகிறார் யார் போகிறார் என்று தெரியாத நேரத்தில், ஆவுடைத்தாயின் தம்பி செண்பகராசு பச்சைப் பிளாஸ்க்கோடு வந்து ‘வெந்நி அத்தான், தொண்டைக்கு இதமா இருக்கும்’ என்று மூடியில் ஊற்றிக் கொடுத்தான். வெந்நீர் குடிக்கலாம், தப்பில்லை, குருவையாவும் பானைத்தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தான். வாயில் வைத்தார். இனித்தது. குளுக்கோஸ் கரைத்த வெந்நீர். நாக்கு சொன்னது, தொண்டை கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. துப்பியிருக்கலாம், பக்கத்தில் மண்தான் இருந்தது. செண்பகராசு காதுக்குள் சொன்னான், ‘நீங்க விழுந்துட்டா மொதலாளிகிட்டப் பேசப் போறது யாரு? எண்பத்துநாலு குடும்பத்த நெனச்சுப் பாருங்க. மாடு செத்துட்டா வண்டிய யாரு இழுப்பா?’ நியாயம்தான். நியாயமில்லாத பேச்சு என்றால் அன்றைக்கே உதறியிருக்கலாம், அதில் நியாயம் இருந்துவிட்டதுதான் கேடு. மறுநாள் ரெண்டு மணிச் சங்குக்கு முன்னாலேயே நாக்கில் எச்சில் ஊறியது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா, எண்பத்துநாலு குடும்பத்துக்காகவா எச்சில் ஊறியது?

ஏழாம் நாள். ஏழாம் நாள்தான். தாசில்தார் வருகிறார், டாக்டர் வருகிறார், பேப்பர்க்காரர்கள் வருகிறார்கள் என்று சத்தம் கேட்டதும் செண்பகராசு அவசரமாக மூடியைத் திருகினான், பிளாஸ்க் கைதவறி ரெண்டு பாய்க்கும் நடுவே சாய்ந்தது. கொஞ்சம்தான் கொட்டியது, ஒரு கை அகலம் மண் நனைந்தது. அவன் பிளாஸ்க்கைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். குருவையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், பார்க்கவில்லை என்றுதான் வெயிலுமுத்து நினைத்தார். ஜீப்பு வர அரைமணி ஆயிற்று. அந்த அரைமணியில் எறும்பு வந்துவிட்டது. முதலில் ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் நூல் பிடித்தமாதிரி ஒரு வரிசை, செவ்வெறும்பு, கேட்டோர வேப்பமரத்திலிருந்து நேரே அந்த ஈரத்துக்கு. வெந்நீருக்கு எறும்பு வருமா? சின்னப்பிள்ளைகூடக் கேட்கும். இவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் மாதிரி மூடிக்கொண்டு இமை இடுக்கில் பார்த்தார். குருவையா புரண்டான். எறும்பைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், இல்லை, ரொம்ப நேரம் இல்லை, எண்ணிப் பத்து எண்ணுகிற நேரம் இருக்கும், ஆனால் இருபத்திரண்டு வருசமாக அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பிறகு எழுந்து உட்கார முடியாமல் உட்கார்ந்து, பாயை இழுத்து அந்த ஈரத்தின் மேல் போட்டு, அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டான். ஜீப்பு வந்தது. ‘ஏம்ப்பா இங்கிட்டு வந்து படுத்திருக்கே?’ என்று தாசில்தார் கேட்டார். ‘அங்க வெயில் அடிக்கி சார்’ என்றான். பேப்பர்க்காரன் படம் பிடித்தான். டாக்டர் ரெண்டு பேருக்கும் நாடி பார்த்தார், இவர் நாடியைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லையே, நல்ல உடம்பு ஒமக்கு’ என்றார். வெயில் அடிக்கிறது என்று நகர்ந்தான், சரிதானே, அதுதானே காரணம், அவனே சொன்னானே. இப்படித்தான் எத்தனையோ வருசம் போயிற்று. ஆனால் மண்டைக்குள் அந்தப் பந்தல் இன்னும் போட்டது போட்டபடி நிற்கிறது, கீற்று எது, ஓட்டை எது என்று தெரிகிறது. அவன் முதலில் படுத்திருந்த இடம்தான் நிழல். நகர்ந்து போன இடத்தில்தான் வெயில்.

‘அண்ணாச்சி, என்ன, இப்பிடி வேர்த்து ஊத்துது?’ சப்பாணிமுத்து குனிந்து பார்த்தார். ‘ஒண்ணுமில்லடே.’ ‘ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்க. வெந்நி வேணுமா, பிளாஸ்க்குல இருக்கு.’ ‘வேண்டாம்.’ சத்தமாகச் சொல்லிவிட்டார் போல, முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எறும்பு பைக்குள் இறங்கிவிட்டது. இன்னொன்று கீழே வேட்டியில் தொடங்கியிருந்தது, முதல் எறும்பு போன அதே தடம், அதே பொத்தான், அதே சுற்று. முன்னால் போனது ஏன் சுற்றியது என்று பின்னால் வருகிறதுக்குத் தெரியாது, அது சுற்றினால் இதுவும் சுற்றும். கண் முன்னால் புள்ளிபுள்ளியாகப் பறந்தது. இது அந்தக் கிறுகிறுப்புத்தான், தெரியும், மிட்டாயை எடுத்து வாயில் போட்டால் சரியாகிவிடும், கை பைவரைக்கும் போயிற்று, காகிதம் சரசரத்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதால் கை நின்றது. அந்த ஏழாம் நாள், தாசில்தாரும் டாக்டரும் போனபிறகு சாயந்தரம் குருவையா ஒன்று கேட்டான். இதை ஆவுடைத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டான், ‘அண்ணாச்சி, பசிக்கா?’ இவர் ‘ம்’ என்றார். அவன் ‘சரி’ என்றான். அவ்வளவுதான். கேலி இல்லை, கோபம் இல்லை. ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. உள்ளே போய், ‘இல்லடா குருவையா, எனக்குப் பசிக்கல, ஒனக்குத்தான் பசிக்கி, எந்திரி, ரெண்டு பேரும் எந்திரிச்சுருவோம்’ என்று சொல்லியிருந்தால் அவன் எழுந்திருப்பான். நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கேன் என்றவன்தானே. ‘ம்’ என்றார். ஒரு எழுத்து. அவன் மெல்ல அந்த வாசலைச் சாத்திக்கொண்டான். ஒன்பதாம் நாள் காலையில் நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துபோனான். பத்தாம் நாள் மில்லில் கையெழுத்துப் போட்டார்கள். எண்பத்துமூன்று பேர் நிரந்தரம் ஆனார்கள்.

எறும்பைப் பார்க்கும்வரைக்கும் இருந்தான் என்றால் புரிகிறது. அண்ணாச்சி தாங்குகிறார், நாமும் தாங்குவோம் என்று இருந்தான். பார்த்தபிறகு ஏன் இருந்தான்? இதுதான் விளங்கவே இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், உங்கள் தலைவர் லட்சணத்தைப் பாருங்கள் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பந்தல் காலி, எண்பத்துநாலு பேரும் கேட்டில்தான் நின்றிருப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அவனும் அந்த எண்பத்துநாலில் ஒருத்தன். அப்படியானால் என்ன நினைத்திருப்பான், எறும்பு மேல் படுத்துக்கொண்டு? ரெண்டு பேரில் ஒருத்தனாவது நிசமாகப் பசித்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பானோ? அண்ணாச்சி மேடையில் வைக்கிற பொய் நிற்க வேண்டுமென்றால் கீழே ஒரு நிசத்தை முட்டுக்கொடுக்க வேண்டும், அது நம்ம உடம்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பானோ? அப்படியென்றால் யார் முன்னால் உட்கார்ந்திருந்தது, யார் பின்னால் உட்கார்ந்திருந்தது? எறும்பு கடித்துக்கொண்டேதானே இருந்திருக்கும். புரளக்கூட இல்லையே. பதினாறாம் நாள் விசேசத்தில் அவன் பெண்டாட்டி வேலம்மா, ‘அண்ணாச்சி, குளிப்பாட்டும்போது பாத்தேன், முதுகு பூராத் தடிப்பு, எறும்பு கடிச்ச மாதிரி’ என்றாள். ‘ஆமா தாயி, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக் கட்டில் அப்பிடித்தான்’ என்றார். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவே இல்லை. அது அவளுக்கும் தெரியும், தலைவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரி மேல் பழியைப் போட்ட அந்த வாயால்தான் அவள் மகளை ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க வைத்தார், சங்கத்தில் பேசி, அலைந்து, சீட்டு வாங்கி. முனீஸ்வரி நர்சாகி ஒன்பது வருசம் ஆகிறது. அந்தப் பிள்ளைக்கு இவர் பெரியப்பா. எந்தச் சொந்தமும் கிடையாது, அப்பன் செத்த துஷ்டிவீட்டில் இவர் காலைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு அதுவாக அப்படிக் கூப்பிட்டது.

‘பெரியப்பா.’ வந்துவிட்டாள். டூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள், தோளில் பை, கையில் எவர்சில்வர் டம்ளர். கிட்டே வந்ததும் முகம் மாறி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். ‘பெரியப்பா, என்ன இப்பிடிச் சில்லுனு இருக்கு, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. மாத்திரை போட்டீகளா? போட்டுட்டுச் சாப்பிடாமலா இருக்கீக? பெரியம்மாட்டச் சொல்லுதேன் இருங்க. சங்கெல்லாம் அப்புறம் ஊதட்டும், மொதல்ல இதக் குடிங்க.’ ‘சங்கு ஊதட்டும் தாயி.’ அவள் விரல் நாடியில் இருந்தது. அந்த டாக்டர் வைத்த அதே இடம். நல்ல உடம்பு ஒமக்கு. சங்கு ஊதியது. ஜெயமுருகன் மைக்கை வாயருகே கொண்டுவந்தான். ‘ஐயா, அந்த வரி.’ பந்தலே எழுந்து நின்றது. எண்பத்துமூன்றில் பாதிப்பேர் இருப்பார்கள், நரைத்த தலைகள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தூக்குவாளி திரும்பி வராத வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் தின்ற சோறு பொய்யா? சோறு நிசம்தான். குருவையா நிசம். நான் மட்டும். ‘குருவையா பசி வேற’ என்றார் வெயிலுமுத்து. குரல் யாருடையதோ மாதிரி ஒலிபெருக்கியில் போயிற்று. ‘என் பசி வேற. எனக்குப் பசிக்கவே இல்ல. நான் குடிச்சது வெந்நி இல்ல.’

‘ஒன்று! ஒன்று!’ என்றது கூட்டம்.

பழக்கம். அவர் என்ன சொன்னார் என்று காது கேட்கும் முன்னால் வாய் சொல்லிவிட்டது. பிறகு முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, ஜெயமுருகன் மைக்கை இழுத்துக்கொண்டு, ‘ஐயா உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறார், தன்னுடைய பசியைவிடத் தியாகியின் பசியே பெரிது என்று தன்னடக்கத்தோடு சொல்கிறார்’ என்று கையைத் தட்டச் சொன்னான். தட்டினார்கள். இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். ‘எம்மா முனீசு, சக்கரை எறங்கிருச்சு, உளறுதாரு, சட்டுனு ஜூஸக் குடு’ என்று சப்பாணிமுத்து தோளைத் தாங்கிப் பாயில் சாய்த்தார். கூட்டம் சாப்பாட்டு வரிசைப் பக்கம் நகர்ந்தது, தட்டுச் சத்தம், சாம்பார் வாசம். இத்தனை வருசம் தூக்கிச் சுமந்ததைக் கடைசியில் இறக்கி வைத்தால், அதன் மேலும் மாலையைப் போட்டுவிட்டார்களே. முனீஸ்வரி மட்டும் முட்டிபோட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். உளறுகிறவன் கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், தினமும் பார்க்கிறவள். டம்ளரை எடுத்தாள், நீட்டவில்லை. ‘வெந்நி இல்லன்னா, அப்ப என்ன குடிச்சீக?’ என்று மெதுவாகக் கேட்டாள். ‘குளுக்கோசு.’ ‘அப்பாவுக்குத் தெரியுமா?’ ‘கொட்டுன எடத்துல எறும்பு வந்துச்சு தாயி. தாசில்தாரு பாத்துருவாருன்னு ஒங்கப்பன் அதுமேல படுத்துக்கிட்டான்.’ சொல்லி முடித்ததும்தான் அவருக்கே தெரிந்தது, இதுவரைக்கும் இதை ‘நினைத்திருப்பானோ’ என்று கேள்வியாகத்தான் வைத்திருந்தோம், கேள்வியே இல்லை இது, அன்றைக்கே தெரிந்த விசயம். வேலம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த அந்த முதுகை அவள் மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள் போல, உதடு ஒரு பக்கம் இழுத்தது. டம்ளர் ஆடி ஒரு சொட்டு அவர் வேட்டியில் விழுந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த எறும்பு தடத்தை விட்டு அதன் பக்கம் திரும்பியது. அதை அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். பிறகு அவள் இடது கையால் அவர் பிடரியைத் தாங்கி, ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி, டம்ளரை உதட்டில் வைத்தாள்.

‘குடிங்க’ என்றாள்.

பெரியப்பா என்று சொல்லவில்லை. வருமா என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்து பார்த்தார், வரவில்லை. வாயைத் திறந்தார். இனித்தது. நாக்கு சொன்னது, தொண்டை இந்தத் தடவையும் கேட்கவில்லை.